4.3 சதவீத வீழ்ச்சி: ஒரகடம் பஸ்ஸும் காஞ்சித் தறியும் சொல்வது என்ன?

2019 நவம்பர் 9-ஆம் தேதி அயோத்தி வழக்கின் தீர்ப்பு வந்தது. அந்த வாரம் முழுக்க தொலைக்காட்சிகளுக்கு வேறு பேச்சே இல்லை. நம் வீடுகளிலும் அதுதான் பேச்சு. இரண்டே நாள் கழித்து, 11-ஆம் தேதி திங்கட்கிழமை மாலை, தேசியப் புள்ளியியல் அலுவலகம் செப்டம்பர் மாதத்துக்கான தொழில் உற்பத்திக் குறியீட்டை வெளியிட்டது. 2018 செப்டம்பரோடு ஒப்பிட்டால் நாட்டின் தொழில் உற்பத்தி 4.3 சதவீதம் சரிந்திருந்தது. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் இவ்வளவு மோசமான மாதம் வந்ததில்லை. பத்திரிகைகளின் வணிகப் பக்கத்தில் வந்து, அப்படியே போய்விட்டது.

ஆனால் இந்தச் செய்தி காஞ்சிபுரத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. சின்ன காஞ்சிபுரத்தில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு ரங்கசாமி குளம் பக்கம் வந்தால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பஸ்களுக்காகப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பாலிடெக்னிக் முடித்தவர்கள், ஐடிஐ முடித்தவர்கள், பிளஸ் டூவோடு நின்றவர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். 2019-ல் ஆடிக்குப் பிறகு அந்தக் கூட்டம் மெலிந்திருந்ததை டீக்கடைக்காரரும் சொன்னார், நாமும் பார்த்தோம். "மாப்பிள்ளை கம்பெனியில் இருக்கிறார்" என்பது நிக்காஹ் பேச்சில் ஒரு தகுதியாக இருந்தது. அப்போது பெண் வீட்டார் அடுத்த கேள்வியாக "பெர்மனெண்டா, கான்ட்ராக்டா?" என்று கேட்டார்கள். சரியான கேள்விதான்.

இந்தக் குறியீடு எதை அளக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். சுரங்கம், மின்சாரம், ஆலை உற்பத்தி மூன்றும் சேர்ந்தது இது. நூறு பங்கில் 77-க்கு மேல் ஆலை உற்பத்திக்கே போகிறது. அந்த ஆலை உற்பத்தி மட்டும் 2019 செப்டம்பரில் 3.9 சதவீதம் குறைந்தது. ஆலைத் தொழில்களை 23 பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் 17 பிரிவுகள் இறங்கியிருந்தன. மோட்டார் வாகனப் பிரிவு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிட்டது. ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் வாழ்வது அந்தப் பிரிவில்தான்.

நாம் கவலையோடு பார்ப்பது வேறொரு வரியை. ஆலைகள் தங்களுக்காக வாங்கும் இயந்திரங்கள், லாரிகள் போன்ற மூலதனப் பொருட்களின் உற்பத்தி 20.7 சதவீதம் விழுந்திருந்தது. ஆகஸ்டிலும் இதே அளவுதான். ஒரு முதலாளி புது மிஷின் வாங்கவில்லை என்றால், அடுத்த ஆண்டு அந்த மிஷினில் ஆள் வைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்று பொருள். அன்று வேலை போனவர்களை விட, 2020 ஜூனில் படிப்பு முடித்து வெளியே வரவிருந்த பிள்ளைகளைப் பற்றிய வரி அது.

செப்டம்பர் 10 அன்று சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், கார் விற்பனை குறைந்ததற்கு இளைய தலைமுறையின் மனப்போக்கையும் ஒரு காரணமாகச் சொன்னார். மாதத் தவணை கட்டி கார் வாங்குவதை விட ஓலா, உபேரில் போவதையே அவர்கள் விரும்புகிறார்கள் என்றார். இருக்கட்டும். லாரி ஏன் விற்கவில்லை? சிமெண்ட் மூட்டை ஓலாவில் போவதில்லையே! அதே செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலையில் 16 நாட்களும் ஓசூரில் 5 நாட்களும் வேலை இல்லாத நாட்களாக அறிவித்தது. ஏற்றிப்போகச் சரக்கு இல்லாததால் லாரி வாங்க ஆள் இல்லாமல் போனது.

இன்னொரு எண்ணைக் காட்டி "வளர்ச்சி இருக்கிறதே" என்று வாதிட்டோரும் உண்டு. அது பிஎம்ஐ எனப்படும் கொள்முதல் மேலாளர் குறியீடு. ஏறக்குறைய 400 நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகளிடம் "போன மாதத்தை விட ஆர்டர் கூடியதா, குறைந்ததா?" என்று கேட்டு இதைக் கணக்கிடுகிறார்கள். 50-க்கு மேல் இருந்தால் வளர்ச்சி, கீழே போனால் சரிவு. செப்டம்பரில் 51.4, அக்டோபரில் 50.6. கோட்டுக்கு மேலேதான் நின்றது. ஆனால் இது போன மாதத்தோடு ஒப்பிடுவது, அரசின் குறியீடு போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுவது. படுத்துக் கிடந்த நோயாளி எழுந்து உட்கார்ந்தால் பிஎம்ஐ அதை முன்னேற்றம் என்று எழுதும். போன வருடம் இவர் ஓடிக்கொண்டிருந்தாரே என்று மற்றது எழுதும். இரண்டும் பொய் இல்லை.

மற்ற எண்களும் அரசுக் குறியீட்டின் பக்கமே சாய்ந்தன. நிலக்கரி, சிமெண்ட், எஃகு உள்ளிட்ட எட்டு முக்கியத் துறைகள் செப்டம்பரில் 5.2 சதவீதம் குறைந்தன. அக்டோபர் ஜிஎஸ்டி வசூல் 95,380 கோடி ரூபாய்; 2018-ல் அதே மாதம் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. அக்டோபரில் கார் விற்பனை 0.28 சதவீதம் கூடியதைச் சிலர் கொண்டாடினார்கள். தசராவும் தீபாவளியும் ஒரே மாதத்தில் வந்தும் இவ்வளவுதான் என்றால் அதை எப்படிப் படிப்பது என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம். இதில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். செப்டம்பரில் பல மாநிலங்களில் கனமழை பெய்து சுரங்கங்கள் முடங்கின. நிலக்கரி உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு அதுவும் காரணம். ஆனால் காரும் லாரியும் தேங்குவது மழைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2019 ஜூலையிலேயே கார் விற்பனை 31 சதவீதம் சரிந்திருந்தது.

சரி, இந்தக் கணக்கில் தறி எங்கே இருக்கிறது? இங்கேதான் காஞ்சிபுரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. தொழில் உற்பத்திக் குறியீடு பதிவு பெற்ற ஆலைகளிடமிருந்து விவரம் வாங்குகிறது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள் இருக்கும் குழித்தறி அதில் வராது. அந்தத் தறி ஒரு மாதம் சும்மா கிடந்தாலும் டெல்லியில் ஒரு எண்ணும் அசையாது. 2019-ல் அத்திவரதர் வைபவத்துக்காக ஜூலை 1 முதல் 48 நாட்கள் சின்ன காஞ்சிபுரத்தில் மனித வெள்ளம். கோடிப் பேர் வந்து போனதாகக் கணக்குச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில், சாப்பாடு, ஆட்டோ என்று சில்லறை வியாபாரம் செய்த நம் ஆட்களுக்கும் கையில் நாலு காசு புரண்டது. பட்டுக் கடைக்காரர்களோ, சாலையை அடைத்ததில் வழக்கமான கல்யாண வாடிக்கையாளரும் வரவில்லை என்று அலுத்துக்கொண்டார்கள். அடுத்து தங்கம். 2019 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 10-லிருந்து 12.5 சதவீதமானது, செப்டம்பரில் சவரன் 30 ஆயிரத்தைத் தொட்டது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. கல்யாண வீட்டுக்காரர் நகைக்கு ஒதுக்கிய பணம் பற்றாமல் போனால் முதலில் கை வைப்பது பட்டுச் சேலை எண்ணிக்கையில்தான்.

அரசு என்ன செய்தது? ரிசர்வ் வங்கி 2019-ல் ஐந்து முறை வட்டியைக் குறைத்து 6.5-லிருந்து 5.15 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. செப்டம்பர் 20 அன்று கம்பெனிகளுக்கான வரி 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். நம் பார்வையில் மருந்து வேறு, நோய் வேறு. விற்காத சரக்கை வைத்துக்கொண்டிருப்பவருக்கு லாபத்தின் மீதான வரியைக் குறைத்து என்ன பயன்? வாங்குகிறவர் கையில் அல்லவா பணம் இல்லை! 2016 நவம்பரில் ஒரே இரவில் 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவையாக்கியதும், பிறகு அவசரமாக ஜிஎஸ்டி கொண்டுவந்ததும் சிறு வியாபாரிகளை முடக்கின. அந்தக் கைகள்தான் வாங்கும் கைகள்.

வாகன ஆலைகளில் இரண்டு மூன்று மாதத்துக்குள் தற்காலிகத் தொழிலாளர் சுமார் 15,000 பேர் வேலை இழந்ததாக ஆகஸ்டில் உற்பத்தியாளர் சங்கமே கூறியது. நீம் டிரெய்னி என்ற பெயரில் எடுக்கப்பட்ட பிள்ளைகளோ தொழிலாளர் என்ற கணக்கிலேயே வரவில்லை. நாளை முதல் வரவேண்டாம் என்றால் அவ்வளவுதான். கான்ட்ராக்டில் இருந்தாலும் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு இஎஸ்ஐ-யில் இருந்து, தன் தவறு இல்லாமல் வேலை இழந்தவர்களுக்கு, சராசரி ஊதியத்தில் கால் பங்கை 90 நாட்கள் வரை தரும் திட்டம் ஒன்று 2018-ல் வந்தது. கம்பெனி சொல்லாது. கார்டையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும். படித்த பிள்ளைகள் இருக்கும் ஜமாஅத்துகள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒரு மேசை போடலாம்.

2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது அது ஒரு கம்பெனியின் கதையாக இருந்தது. வெளியே வந்தவர்களில் சிலர் பக்கத்திலேயே வேறு ஆலைக்குப் போக முடிந்தது. 2019-ல் பக்கத்து ஆலையும் ஷிஃப்டைக் குறைத்தது.

2019 நவம்பர் கடைசியில் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான ஜிடிபி வந்தது. முந்தைய காலாண்டில் அது 5 சதவீதம். அதில் ஆலை உற்பத்தியின் வளர்ச்சி வெறும் 0.6. அக்டோபருக்கான தொழில் உற்பத்திக் குறியீடு டிசம்பர் 12-ஐ ஒட்டி வந்தது.  எந்த மாதத்து எண் வந்தாலும் மூலதனப் பொருட்கள் என்ற வரியை முதலில் பாருங்கள்.