கிடந்தால் கிடக்கட்டும் என்பவர்களுக்கு

பிரிஞ்சாங் கடைத்தெருவில் கணினி பழுது பார்ப்பவரைக் கேட்டாலும், கோலாலம்பூரிலிருந்து மலையேறி வந்து எஸ்டேட் ஆபிசுகளுக்கு சர்வர் அமைத்துக் கொடுப்பவரைக் கேட்டாலும், லினக்ஸ் கர்னல் விஷயத்தில் ஒரே பதில்தான் வரும்: "எல்லாத்துக்கும் 'எம்' போட்டுடுங்க. வேணும்னா ஏறிக்கும், வேணாம்னா சும்மா கிடக்கும்."

கர்னலைத் தொகுக்க உட்காரும்போது ஒவ்வொரு வசதிக்கும் அது ஒரு கேள்வி கேட்கும். 'ஒய்' என்றால் அந்த வசதி கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். 'என்' என்றால் கிடையாது. 'எம்' என்றால் மாட்யூலாக, தனிக் கோப்பாக வட்டில் இருக்கும்; அழைத்தால் வரும். ஒருகாலத்தில் இந்தப் பட்டியலில் பழைய வலை நெறிமுறைகளின் ஒரு பழம்பொருள் கிடங்கே இருந்தது. நோவெல் நெட்வேரின் ஐபிஎக்ஸ், மேக்கின்டாஷ்களின் ஆப்பிள்டாக், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் டெக்நெட், தொலைபேசித் துறைகளின் எக்ஸ்.25, வானொலி ஆர்வலர்களின் ஏஎக்ஸ்.25, பிரிட்டிஷ் பள்ளிக்கூடக் கணினிகளின் எக்கோநெட். இவை கிடந்தால் என்ன கேடு என்பதுதான் பரவலான நினைப்பு. அந்த நினைப்பு தவறு. அதைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் வாதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை: மாட்யூல் என்பது வட்டில் தூங்கும் கோப்பு, ஏற்றாதவரை அது ஒன்றும் செய்யாது. இதில் பாதி உண்மை. யார் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. நிர்வாகி ஏற்றினால்தான் ஏறும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது வேறு. கணினியில் கணக்கு வைத்திருக்கும் எந்தச் சாதாரணப் பயனரும் ஒரு நிரல் எழுதி, "எனக்கு 9-ஆம் எண் குடும்பத்தில் ஒரு சாக்கெட் வேண்டும்" என்று கேட்கலாம். 9 என்பது எக்ஸ்.25. கர்னலுக்கு அப்போது அது தெரியாது என்றாலும் மறுத்துவிடாது. அந்த எண்ணுக்குரிய மாட்யூல் வட்டில் இருக்கிறதா என்று தேடி, ரூட் எனப்படும் முழு நிர்வாகி அதிகாரத்தோடு தானே ஏற்றிக்கொள்ளும். கேட்டில் காவல் நிற்கும் ஜாகா, யார் வந்து எந்தக் கிடங்கின் பெயரைச் சொன்னாலும் சாவியை எடுத்துத் திறந்துவிடுவது போலத்தான்.

இதில் நடந்த கூத்துக்கு எக்கோநெட்டை விட நல்ல சான்று இல்லை. ஏக்கார்ன் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பிபிசி மைக்ரோ கணினிகளை வகுப்பறையில் இணைக்கச் செய்த வலை அது. 2010-இல் ஒரு லினக்ஸ் சர்வரில் அதைப் பயன்படுத்தியவரைத் தேடினால் அருங்காட்சியகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். ஆனாலும் அன்றைய உபுண்டுவில் அது மாட்யூலாக இருந்தது. அந்த ஆண்டு நெல்சன் எல்ஹேஜ் என்பவர் அதில் சில ஓட்டைகளையும், கர்னலின் பொதுப் பகுதியில் இன்னொன்றையும் கண்டார். எக்கோநெட் முகவரியை மாற்ற நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்ற சோதனையையே யாரும் எழுதியிருக்கவில்லை, அது ஒன்று. சரியான தருணத்தில் கர்னலை இடறி விழவைக்கலாம், அது இரண்டு. இந்த இரண்டையும் பொதுப் பகுதியின் ஓட்டையையும் கோத்து டான் ரோசன்பெர்க் அந்த டிசம்பரில் வெளியிட்ட நிரலை ஓட்டினால் சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடுவார். இதற்கு எக்கோநெட் கம்பியோ அட்டையோ எதுவும் வேண்டாம். வட்டில் அந்தக் கோப்பு இருந்தால் போதும். 'சும்மா கிடந்தது' என்று சொல்லப்பட்ட கோப்பு அதுதான்.

அது தனியாக நடந்த விபத்தும் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 2009 ஆகஸ்டில், டாவிஸ் ஒர்மண்டியும் ஜூலியன் டின்னெஸும் வெளியிட்ட ஓட்டை 2001-இலிருந்தே கர்னலில் இருந்தது. ஒவ்வொரு நெறிமுறையும் தன்னால் என்னென்ன முடியும் என்று கர்னலிடம் ஓர் அட்டவணை கொடுக்க வேண்டும். பின்னாளில் அந்த அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது. ஐபிவி4 போலத் தினமும் புழங்கும் நெறிமுறைகளில் அது உடனே நிரப்பப்பட்டது. ஆப்பிள்டாக், ஐபிஎக்ஸ், அகச்சிவப்பு இணைப்புக்கான இர்டா, எக்ஸ்.25, ஏஎக்ஸ்.25 ஆகியவை ஒரு பழைய மேக்ரோவை நம்பி இருந்தன. அந்த மேக்ரோவில் புதிய கட்டத்தைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. கட்டம் வெறுமையாகக் கிடக்க, கர்னல் பூஜ்ய முகவரிக்குத் தாவியது. தாக்குபவர் அங்கே முன்கூட்டியே தன் நிரலை வைத்திருந்தால் கணினி அவர் கையில்.

இது இரண்டாவது வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறது. திறந்த மூலம்தானே, ஆயிரம் கண்கள் பார்க்கின்றனவே என்பது அந்த வாதம். கண்கள் இருக்கின்றன, ஆனால் அவை புழக்கத்தில் உள்ள பகுதியைப் பார்க்கின்றன. டெக்நெட்டுக்கு 2010-இலிருந்தே பொறுப்பாளர் என்று யாரும் இல்லை. அனாதை என்று பட்டியலில் குறித்து வைத்துவிட்டு, 2022-இல்தான் ஸ்டீபன் ஹெமிங்கர் அதை நீக்கினார். நடுவே பன்னிரண்டு வருஷம் உலகம் முழுக்க அந்த நிரல் தொகுக்கப்பட்டுப் பகிரப்பட்டது. டிசிசிபி நெறிமுறை 2005-இல் கர்னலில் சேர்ந்தது. அதன் தொடக்க நாட்களிலிருந்தே இருந்ததாகக் கருதப்படும் ஒரு பிழையை 2017 பிப்ரவரியில் ஆந்திரேய் கொனோவலொவ் சொன்னார். கண்டுபிடித்தது மனிதக் கண்கூட இல்லை. கர்னலுக்குக் கன்னாபின்னாவென்று உள்ளீடு கொடுத்துப் பார்க்கும் சிஸ்காலர் என்ற கருவி. அடுத்த மாதமே அலெக்சாண்டர் போபோவ் வெளியிட்டது எச்டிஎல்சி என்ற பழைய தொடர் இணைப்பு முறைக்கான மாட்யூலில் இருந்த ஓட்டை. அதுவும் 2009-இலிருந்து இருந்தது, அதுவும் சாதாரணப் பயனர் கேட்டதும் தானாக ஏறிக்கொள்வது.

யாரிடமும் வன்பொருள் இல்லாத நெறிமுறையை யார் சோதிப்பது? கர்னல் முழுவதும் ஒரே மாதிரி மாற்றம் செய்யும்போது இந்தப் பழைய கோப்புகளிலும் கை வைப்பார்கள். தொகுப்பு பிழையின்றி முடிந்தால் சரி என்று நகர்ந்துவிடுவார்கள். ஓட்டிப் பார்க்க ஆளில்லை.

மூன்றாவது வாதத்தை இங்கே மலையில்தான் அடிக்கடி கேட்கிறேன், அதற்குக் கொஞ்சம் மரியாதையும் தர வேண்டும். "கோலாலம்பூர்க்காரர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுவார்கள். இங்கே தோட்டத்தில், பூப்பண்ணையில், கெஸ்ட் ஹவுசில் பழைய இயந்திரம்தான் ஓடுகிறது. பழைய நெறிமுறையை எடுத்துவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம்." பழைய இயந்திரம் ஓடுவது உண்மை. இந்தக் குளிரிலும் ஈரத்திலும் அவை ஓடுவதே அதிசயம். ஆனால் அந்த இயந்திரங்கள் எதைப் பேசுகின்றன என்று எழுதிப் பாருங்கள்.

மின்னணுத் தராசுகளில் பல, தொடர் கம்பி வழியே எண்ணை வெறும் எழுத்தாக அனுப்புபவை. கர்னலில் சீரியல் போர்ட் இருந்தால் போதும், வலை நெறிமுறையே வேண்டாம். குளிர் அறைக் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்பஸ் பேசினால், 1979-இல் வந்த மோட்பஸ் சாதாரண நிரல் ஒன்றிலேயே முடிந்துவிடும். ரசீது அடிக்கும் புள்ளி அச்சுப்பொறிக்கு பேரலல் போர்ட் இருந்தால் போதும். இந்த வரிசையில் ஐபிஎக்ஸ் எங்கே வருகிறது? நோவெலே 1998-இல் நெட்வேர் 5-ஐ ஐபி மேல் நேரடியாக ஓடவிட்டது. எக்ஸ்.25 நம் நாட்டிலும் இருந்தது. டெலிகாமின் மேபேக் வலை அதன் மேல்தான் ஓடியது. மிமோஸ் ஆய்வு நிறுவனம் 1987-இல் தொடங்கிய ராங்கோம் வலை, பின்பு 1992-இல் அமெரிக்காவுக்கு 64 கிலோபிட் செயற்கைக்கோள் இணைப்போடு வந்த ஜாரிங் எல்லாம் அந்தக் காலகட்டத்தின் பிள்ளைகள். ஜாரிங் நிறுவனமே 2015-இல் மூடப்பட்டுவிட்டது. பிரிஞ்சாங்கில் இன்று மேபேக் சந்தா கட்ட யாரும் இல்லை.

உண்மையாகவே தேவைப்படும் பழசு ஒன்று உண்டு: கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு. பழைய ஸ்கேனர்களும் பழைய சேமிப்புப் பெட்டிகளும் அதைத்தான் பேசும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற கெடுநிரல் உலகைச் சுற்றியது விண்டோஸில் அந்தப் பதிப்பைக் கையாண்ட நிரலின் ஓட்டை வழியாக. அதே ஆண்டு லினக்ஸ் 4.13 என்ன செய்தது என்றால், அந்தப் பதிப்பை அழிக்காமல், இயல்புநிலையிலிருந்து மட்டும் இறக்கிவிட்டது. இணைக்கும்போது "பதிப்பு 1.0" என்று வெளிப்படையாகக் கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் இல்லை. தேவைப்படுபவர் வாய் திறந்து கேட்கட்டும் என்ற இந்த ஏற்பாடுதான் என் கட்சியும்.

இங்கேயே எதிர்ப்பக்கத்துக்காரரையும் நிறுத்த வேண்டியிருக்கிறது. பழையது எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'என்' போடுவேன் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். யூனிஃபை இணைப்பு வீடு வரை வருவது பிபிபிஓஇ மேல்; 1999-இல் ஆவணமான நெறிமுறை. அதுவும் 500-ஆம் எண் விலான் குறியோடு. இரண்டுக்கும் 'என்' போட்டு, தானே தொகுத்த கர்னலை ரவுட்டரில் ஏற்றினால் அன்று ராத்திரி வீட்டில் இணையம் இருக்காது. மேலே நான் சொல்லாவிட்டாலும், பிபிபிஓஇ-யும் 2009 ஓட்டைப் பட்டியலில் இருந்த குடும்பம்தான். ஆனாலும் அது தினமும் ஓடுகிறது, அதனால் இருந்தாக வேண்டும். நாம் எல்லாரும் சுவாசிக்கும் ஐபிவி4 ஆவணமானது 1981-இல், எக்கோநெட்டின் சமவயது. மலேசியாவில் 2021 கடைசியில் அணைக்கப்பட்டது 3ஜி. அதைவிட மூத்த 2ஜியை விட்டுவைத்தார்கள், ஏனென்றால் அதில் ஆள் இருந்தது. வயதை வைத்துக் கணக்குப் போட்டால் எதுவும் சரியாக வராது.

"இதையெல்லாம் உட்கார்ந்து தொகுக்க யாருக்கு நேரம்?" தொகுக்கவே வேண்டாம். மாட்யூல்களை ஏற்றும் மோட்புரோப் கருவியின் அமைப்புக் கோப்பகத்தில் ஒரு சின்ன உரைக்கோப்பு போதும். உபுண்டு எக்கோநெட் சூடு பட்டபின் 11.04-இல் அப்படி ஒரு கோப்பைச் சேர்த்தது, ஏஎக்ஸ்.25, நெட்ரோம், எக்ஸ்.25, ரோஸ், டெக்நெட், எக்கோநெட் ஆகியவற்றின் எண்களுக்கு நேரே 'ஆஃப்' என்று எழுதியிருக்கும். டெபியன் அரிதான நெறிமுறைகள் பலவற்றின் தானியங்கி ஏற்றத்தை கர்னலிலேயே நீக்கிவைத்தது. ரெட்ஹேட் 8-ஆம் பதிப்பிலிருந்து அரிய மாட்யூல்களைத் தனிப் பொட்டலமாகப் பிரித்துவிட்டது. ஆக, இப்படிப்பட்ட பெரிய லினக்ஸ் வழங்கல்களைப் பயன்படுத்துவோருக்குப் பாதி வேலை முடிந்தது. மாட்டிக்கொள்பவர் யாரென்றால், எங்கிருந்தோ எடுத்த அமைப்புக் கோப்பை வைத்துக் கர்னலைத் தானே தொகுத்து, மலிவான பெட்டிகளில் ஏற்றி விற்பவரும், அதை வாங்குபவரும்.

ஓர் எச்சரிக்கை. இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துத் தொகுக்கும் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற குறுக்குவழியைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அன்றைக்குச் செருகாத யூஎஸ்பி மோடம் நாளைக்கு வேலை செய்யாது. எல்லாக் கருவியையும் செருகிவிட்டு ஓட்டுங்கள்.

கடைசி வாதம் நெஞ்சைத் தொடுவது: நீக்கினால் வரலாறு அழிந்துவிடுமே. வரலாறு மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் வரலாறு எங்கே உயிரோடு இருக்கிறது என்று பார்த்தால், எல்லாருடைய கர்னலிலும் இல்லை. டெக்நெட் ஆர்வலர்கள் பைதான் மொழியில் எழுதிய பைடெக்நெட்டை வைத்துப் பழைய வலையை இன்றைய இணையத்தின் மேல் ஓட்டுகிறார்கள். ஐபிஎக்ஸ் லினக்ஸிலிருந்து 2018-இல் போய்விட்டது. அதற்காக 1993-இன் டூம் விளையாட்டு நின்றுவிடவில்லை, டாஸ்பாக்ஸ் ஐபிஎக்ஸைச் சாதாரண யூடிபி பொதிக்குள் வைத்து அனுப்பிவிடும். ஆப்பிள்டாக்கைக் கைவிட்ட நெட்டாடாக் மென்பொருள் 2024-இல் அதைத் திரும்பச் சேர்த்தது. பழைய மேக் வைத்திருப்பவர் அந்த ஒரு மாட்யூலைத் தன் கணினியில் தெரிந்தே ஏற்றிக்கொள்கிறார். எக்ஸ்.25-க்கும் இதே கதை. அதை நீக்கலாமா என்ற பேச்சு 2020-இல் எழுந்தபோது, அதை வைத்துப் பிழைப்பு நடத்தும் ஒரு ஜெர்மன் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஷில்லர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஆள் வந்தது, நெறிமுறை தங்கியது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வானொலிக்காரர்களின் ஏஎக்ஸ்.25 இன்னும் எளிது. இரண்டாயிரம் மீட்டர் உயர குனோங் பிரிஞ்சாங் உச்சியில் ஏறி நின்று கைவானொலியில் பொதி அனுப்ப நினைப்பவருக்கு டயர்வுல்ஃப் என்ற நிரல் இருக்கிறது. ஒலி அட்டையிலிருந்து வரும் இரைச்சலைப் பிரித்து ஏஎக்ஸ்.25 சட்டங்களாக்கும் வேலை முழுவதையும் அது கர்னலுக்கு வெளியே, சாதாரணப் பயனராகவே செய்துவிடும். அதில் ஒரு பிழை இருந்தால் விழுவது அந்த நிரல்தான், கணினி இல்லை. அதற்கு மேலும் கர்னல் மாட்யூல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், ஒரு தனிப் பெட்டியில், தான் ஒருவர் மட்டும் கணக்கு வைத்திருக்கும் பெட்டியில், கணினி எழும்போதே பெயர் சொல்லி ஏற்றிக்கொள்ளட்டும். எஸ்டேட் ஆபிசின் சம்பளக் கணக்கு இருக்கும் சர்வரில் வேண்டாம்.