கொடியை இறக்கிய ஆளுநர்

நம்மவர் ஒருவர் பதவிக்கு வந்துவிட்டால் நம் குறைகள் தீர்ந்துவிடும் என்று நம்புவோர் பலர். அமெரிக்காவின் நிக்கி ஹேலியை அவர்கள் சற்றுக் கவனிக்கலாம்.

பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியப் பெற்றோருக்குத் தென் கரோலினாவின் பேம்பர்க் சிற்றூரில் 1972-இல் பிறந்தவர் ஹேலி. சிறு வயதிலேயே தாயாரின் துணிக்கடைக்குக் கணக்கு எழுதினார். 2011-இல் அம்மாநிலத்தின் முதல் பெண் ஆளுநரானார். வெள்ளையரல்லாத முதல் ஆளுநரும் அவரே.

அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி அப்போதும் சட்டமன்ற வளாகத்தில் பறந்தது. 2014 தேர்தலின்போது அதைப் பற்றிக் கேட்டதற்கு, எந்த நிறுவனத் தலைவரும் தம்மிடம் குறை சொல்லவில்லை என்றார். 2015 ஜூன் 17-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பினத்தவர் 9 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஐந்தாம் நாள், கொடியை இறக்க வேண்டும் என்றார். ஜூலை 10-இல் அது இறங்கியது.

2023 டிசம்பரில், அதிபர் தேர்தலுக்கான பிரச்சாரத்தில், உள்நாட்டுப் போருக்கு என்ன காரணம் என்று ஒருவர் கேட்டார். ஹேலியின் பதிலில் அடிமை முறை என்ற சொல்லே இல்லை. கண்டனம் எழவே, மறுநாள் திருத்திக்கொண்டார். 2024 பிப்ரவரியில் சொந்த மாநிலத்திலேயே டிரம்பிடம் தோற்றார்.

யாருடைய வாக்கில் பதவி கிடைக்கிறதோ, அவர்கள் மனம் கோணாமல்தான் அரசியல்வாதி பேசுவார். நிறமும் பிறப்பும் அதை மாற்றிவிடுவதில்லை.