லிங்க் அனுப்பியது நீங்கள்... கமிஷன் யாருக்கு?

"இந்த லிங்க்ல போய் சேருங்க... உங்களுக்கும் காசு, எனக்கும் காசு!" இப்படி ஒரு மெசேஜ் வராத குடும்ப வாட்ஸ்அப் குரூப் இருக்குமா என்ன? 2017-ல் கூகுள் பே, 'தேஸ்' என்ற பெயரில் அறிமுகமானபோது, ஒருவரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் தலா 51 ரூபாய் கிடைத்தது. அதற்காகவே சித்தி, பெரியப்பா என்று வீட்டில் இருந்த அத்தனை பேரின் போனிலும் அந்த ஆப்பை ஏற்றிவிட்ட இளசுகள் ஏராளம்.

யூடியூபில் மிக்ஸியை ரிவ்யூ செய்பவர், டெலிகிராமில் ஆஃபர் லிங்க் போடும் கல்லூரி மாணவர், குரூப்பில் குர்தி லிங்க் பகிரும் இல்லத்தரசி என இன்று பலருக்கு இது கைச்செலவுக்கு உதவும் வருமானம். ஆனால், 'நான் அனுப்பிய ஆள்தான் அங்கே போய்ச் சேர்ந்தார் என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பவர்கள் குறைவு. அது தெரியாததால்தான், வரவேண்டிய பணம் வராமல் போகும்போது காரணமும் புரிவதில்லை.

லிங்க்கின் வாலில் உங்கள் பெயர்

நீங்கள் பகிரும் லிங்க்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அதற்குப் பின்னால் புரியாத எழுத்துகளும் எண்களும் நீளமாகப் போகும். அதில்தான் உங்கள் அடையாளம் ஒளிந்திருக்கிறது. உதாரணமாக, அமேசான் இந்தியாவின் லிங்க்குகளில், பகிர்ந்தவரின் அடையாளம் 21 என்ற எண்ணில் முடியும்.

அந்த லிங்க்கை ஒருவர் தொட்டதும், அவருடைய பிரவுசரில் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைக்கப்படும். அதன் பெயர்தான் 'குக்கீ'. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். யார் எந்தப் பொருளைக் கூடையில் போட்டார் என்பதை இணையக் கடைகள் மறக்காமல் இருக்க இது உதவியது. 1996-ல் அமேசான், ஆள் அனுப்பியவர்களுக்குக் கமிஷன் தரும் 'அசோசியேட்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. ஆள் அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்கும் வேலையையும் நாளடைவில் இந்தக் குக்கீயே ஏற்றுக்கொண்டது.

வந்தவர் பெயர், மொபைல் எண் கொடுத்துக் கணக்குத் தொடங்கும்போது, குக்கீயில் இருக்கும் உங்கள் அடையாளம் அந்தப் புதுக் கணக்கோடு சேர்த்துப் பதிவாகும். ஆப் என்றால், பிளே ஸ்டோரே அந்த அடையாளத்தை வாங்கி, இன்ஸ்டால் முடிந்ததும் ஆப்பிடம் ஒப்படைக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், 'இவர் தானாக வந்தவர்' என்றுதான் கணக்கில் ஏறும்.

எங்கே அறுகிறது?

உங்கள் தோழி இன்ஸ்டாகிராமில் லிங்க்கைத் தொடுகிறார். அது இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கிறது. 'அப்புறம் பார்க்கலாம்' என்று மூடிவிட்டு, இரவு குரோமில் அதே தளத்தைத் தேடிப் போய்ச் சேர்கிறார். இரண்டும் தனித்தனி பிரவுசர்கள். ஒன்றின் குக்கீ இன்னொன்றுக்குத் தெரியாது. போனில் பார்த்துவிட்டு லேப்டாப்பில் சேர்ந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது, கெடு. அமேசானின் பொதுவான விதிப்படி, கிளிக் செய்த 24 மணி நேரத்துக்குள் பொருளை வாங்க வேண்டும், அல்லது கூடையிலாவது போட வேண்டும். சில நிறுவனங்கள் 30 நாள்வரை அவகாசம் தருகின்றன. ஐபோனின் சஃபாரி பிரவுசரோ, சில வகைக் குக்கீகளை ஏழு நாள்களில் தானாகவே அழித்துவிடுகிறது.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். பெரும்பாலான திட்டங்களில் கடைசியாகக் கிளிக் வாங்கியவருக்கே கமிஷன். பத்து நிமிட வீடியோ எடுத்து ஒரு பொருளைப் புரியவைத்தவர் நீங்களாக இருக்கலாம். வாங்குவதற்கு முந்தைய நிமிடம் கூப்பன் தேடி வேறொரு லிங்க்கைத் தொட்டால், உங்கள் பெயர் அழிந்து அவர் பெயர் ஏறிவிடும்.

கோடிகளில் நடந்த தகராறு

இதைப் பயன்படுத்திக் காசு பார்த்தவர்களும் உண்டு. ஈபே நிறுவனத்துக்கு அதிகம் ஆள் அனுப்புவதாகக் கணக்குக் காட்டிய ஒருவர், அதற்காகச் சுமார் 2.8 கோடி டாலர் கமிஷன் வாங்கினார். விசாரித்தால், பலர் எந்த லிங்க்கையும் தொடாமலேயே அவர்கள் பிரவுசரில் இவருடைய குக்கீ ரகசியமாகத் திணிக்கப்பட்டிருந்தது. அவர்கள் பின்னாளில் தாங்களாகவே ஈபேயில் வாங்கியதற்கும் இவர் கணக்கில் பணம் ஏறியது. 2014-ல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

அண்மைக்கால உதாரணம், கூப்பன் தேடித் தரும் 'ஹனி'. இந்த நிறுவனத்தை பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. பணம் கட்டும் கடைசிக் கட்டத்தில் ஹனி தன் அடையாளத்தைப் பதித்து, யூடியூபர்களுக்குச் சேர வேண்டிய கமிஷனை எடுத்துக்கொள்கிறது என்று 2024 டிசம்பரில் ஒரு யூடியூப் வீடியோ குற்றம்சாட்டியது. துறையின் வழக்கமான விதிகளைத்தான் பின்பற்றுகிறோம் என்றது பேபால். யூடியூபர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2025 மார்ச்சில் கூகுள், குரோம் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதியை இறுக்கியது. பயனருக்கு நேரடிப் பலன் தராமல், அவர் எதையும் செய்யாமல், கமிஷன் லிங்க்கைச் சொருகக் கூடாது என்பது அதன் சாரம்.

பகிர்பவர்கள் கவனத்துக்கு...

* எதற்குப் பணம் என்று முதலில் படியுங்கள். கிளிக்குக்கா, கணக்குத் தொடங்கினாலா, முதல் பணப் பரிமாற்றம் முடிந்த பிறகா? கூகுள் பேயின் 51 ரூபாயே, சேர்ந்தவர் முதல் முறை பணம் அனுப்பிய பிறகுதான் வந்தது.

* எத்தனை நாள் கெடு, முதல் கிளிக்குக்கா கடைசிக் கிளிக்குக்கா என்பதையும் பாருங்கள்.

* லிங்க்கோடு ரெஃபரல் கோடு இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். சேரும்போது கையால் டைப் செய்யும் கோடுக்கு குக்கீ தேவையில்லை.

* 'திறந்த இடத்திலேயே சேர்ந்து முடிச்சிடுங்க' என்று ஒரு வரி எழுதுங்கள். சேர்ந்தவர் பெயர், தேதியைக் குறித்து வையுங்கள். பணம் வராவிட்டால் கஸ்டமர் கேரில் பேச அதுதான் ஆதாரம்.

* இதில் உங்களுக்குக் கமிஷன் உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள். சமூக வலைதளத்தில் பொருள்களைப் பரிந்துரைப்பவர்கள் தங்களுக்குக் கிடைக்கும் ஆதாயத்தை மறைக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

கிளிக் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை...

அடுத்தவர் லிங்க்கில் வாங்குவதால் பொதுவாக உங்களுக்கு விலை கூடுவதில்லை. கமிஷனைக் கம்பெனிதான் தருகிறது. ஆனால், யார் சொல்லி எங்கே போனீர்கள், என்ன வாங்கினீர்கள் என்பது பதிவாகிறது. அது வேண்டாம் என்றால், குக்கீகளை அழித்துவிட்டு அந்தத் தளத்துக்கு நேராகவே போகலாம்.

மாறாக, உங்களுக்காக நேரம் செலவழித்து நல்ல பொருளைக் காட்டியவருக்கு நாலு காசு போகட்டும் என்று நினைக்கிறீர்களா? வாங்குவதற்குச் சற்று முன் அவருடைய லிங்க்கை மறுபடி ஒருமுறை தொட்டு, அங்கிருந்தே வாங்குங்கள். பெரும்பாலான திட்டங்களில் கமிஷன் அவருக்கே போய்ச் சேரும்.