ஒரு கோப்போடு வாருங்கள்



நம் ரியல் எஸ்டேட் சங்கத்தின் ஆண்டு மாநாட்டு அழைப்பிதழ் இந்த இதழோடு உங்கள் கைக்கு வந்திருக்கும். குடும்பத்தோடு வாருங்கள். வரும்போது, உங்கள் அலுவலக பீரோவில் முடிவு தெரியாமல் கிடக்கும் ஒரு கோப்பின் நகலையும் எடுத்து வாருங்கள். ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலம் கல் நட்டு மனையாவதைப் பார்த்து நீதிமன்றம் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. அந்தத் தீபாவளிக்கு முன், தையல் வேலை செய்யும் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து வைத்தார். கூடவே தவணை ரசீதுகள். ரப்பர் பேண்ட் இறுகி அவற்றின் ஓரங்கள் மடங்கிப் போயிருந்தன. மகள் கல்யாணத்துக்கு அந்த மனையைத்தான் நம்பியிருந்தார். "பணம் கட்டுறப்போ யாருமே வேணாம்னு சொல்லலையே தம்பி" என்றார். விற்றுக் கொடுத்தவர் நம் தொழில்காரர். எனக்குப் பதில் வரவில்லை.

அரசுக்கு நாங்கள் எழுதிய மனு பதினோரு பக்கம். அந்த அம்மாவிடம் கேட்டு, ரசீது நகல்களையும் பின்னால் இணைத்தோம். அதை வாங்கிய அதிகாரி எங்கள் வாசகங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளுக்கு வழி பிறந்தது. நம் மனுவால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மா கட்டணம் கட்டி உத்தரவு வாங்கிவிட்டார். அதற்குள் கல்யாணம் வட்டிக் கடனில் முடிந்திருந்தது.

அரசிடம் பேசும்போது தாமதத்தின் விலையைக் காட்ட வேண்டும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். பதிவுக் கட்டணத்தையே பாருங்கள். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்த கையோடு, கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். அது 2 சதவீதமாக இறங்க 2023 ஏப்ரல் வரை காத்திருந்தோம். மதிப்பும் அப்போதே பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. இன்றும் மனை வாங்குகிறவர் பொதுவாக முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 9 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். தெருவில் நடக்கும் விலையைவிட வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருக்கும் இடங்களில், கொடுக்காத பணத்துக்கும் சேர்த்துத் தீர்வை கட்டுகிறார். முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் போய் அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். அந்த மதிப்பைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் இந்த ஆண்டு நம் முதல் கோரிக்கை.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா பற்றியும் மனம் விட்டுச் சொல்கிறேன். வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லும் விதி கையைக் கட்டுகிறது என்று சில நண்பர்கள் வருந்துகிறார்கள். அஸ்திவாரத்தோடு நின்றுபோன கட்டடங்களுக்கு மாதத் தவணையும், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்த்துக் கட்டியவர்களை நானறிவேன். அந்த விதியைத் தளர்த்தக் கோரும் தீர்மானம் வந்தால் என் கை உயராது. அனுமதிக்கு ஆகும் காலம் குறையட்டும் என்று கேட்போம், உரக்கவே கேட்போம்.

பட்ஜெட்டுக்குப் பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் தொடங்கிவிட்டால் நம் மனுவைப் படிக்க யாருக்கும் நேரமிருக்காது. அதனால் உங்கள் கோப்பு நகல்களை மனுவோடு இணைத்து, மாநாடு முடிந்த வாரமே கோட்டைக்குப் போகிறோம். கொண்டு வரும் நகலில் வாடிக்கையாளரின் பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிடுங்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். நகல் எடுக்க நேரமில்லையென்றால் அசலையே கொண்டு வரலாம். மண்டப வாசலில், வரவேற்பு மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு ஜெராக்ஸ் மெஷின் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்