ஸ்டில்ட் அலமாரியும் நம்ம ஊர்க்காரங்களும்

டெல்லியில் பில்டர் ஃப்ளோர் ஒண்ணுல குடிவந்த தமிழ்க் குடும்பத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஆசை வரும். கீழே வண்டி நிறுத்துற இடத்துல, நம்ம காருக்குப் பின்னால சுவரோரமா சும்மா கிடக்கிற மூணடியில ஒரு அலமாரி போட்டா என்ன? இணையத்துல தேடினா ஆறடி உயரம், ரெண்டு கதவு, அஞ்சு தட்டு, பூட்டு சாவியோட, பாகம் பாகமா பிரிச்சு அட்டைப்பெட்டியில வீட்டுக்கே வந்துடுது. ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு ஆலன் கீ, ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் வியர்வை. வாரம் பூரா ஆபீஸ்ல ஆணி புடுங்குறவனுக்கு ஒரு நாளாவது ஆணி அடிக்கிற சந்தோஷம் :-)

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கத்தான் இதை எழுதுறேன். அலமாரி மாட்டுறது எப்படின்னு சொல்லித்தர நூறு பேர் இருக்காங்க. மாட்ட வேணாம்னு சொல்ல ஒருத்தன் வேணாமா?

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நாலு மாடிக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு இருக்கிற கட்டடத்துல, அந்தப் படிக்கட்டு வாசல்ல, கரண்ட் மீட்டர் பக்கத்துல, எரியக்கூடிய சாமானை அடுக்கி வைக்கிறது இடத்தை மிச்சம் பண்ற காரியம் இல்லை. அடுப்புல விறகை அடுக்கி வெச்சுட்டு, "நான் இன்னும் தீக்குச்சி கிழிக்கலையே"ன்னு சொல்ற காரியம்.

ஏன் வருது இந்த ஆசை?

நியாயமான காரணம் இருக்கு, ஒத்துக்கறேன். டெல்லி வீட்டுக்கு ரெண்டு செட் சாமான் வேணும். குளிருக்கு ரஜாய், ஹீட்டர், கம்பளம். வெயிலுக்குக் கூலர், டேபிள் ஃபேன். ஒண்ணு வெளியே வந்தா இன்னொண்ணு ஆறு மாசம் எங்கேயாவது ஒளியணும். இங்கே பொறந்து வளர்ந்தவங்களுக்கு இதுக்குன்னே பெட் பாக்ஸ் கட்டிலும் இரும்பு டிரங்குப் பெட்டியும் உண்டு. நாம ஊர்லேருந்து கட்டிலைக் கொண்டு வந்துடறோம். அதுக்கடியில என்ன இருக்கு? காத்து.

இதுக்கு மேல நம்ம பங்கு வேற. கொலு பொம்மை 10 நாள் வெளியே, 355 நாள் பெட்டிக்குள்ளே. கொலுப்படி தனி. மாமியார் கொடுத்த பழைய கிரைண்டர் ஓடாது, ஆனா போடவும் மனசு வராது. அடுத்த டிரான்ஸ்ஃபர்ல வேணும்னு டிவி வந்த அட்டைப்பெட்டி, ஃப்ரிட்ஜ் வந்த தெர்மகோல், வாஷிங் மெஷின் வந்த பலகை. தங்கமணி கிட்ட "இதைத் தூக்கிப் போடலாமா"ன்னு கேட்டுப் பாருங்க. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு வெளியிலதான்.

சாமான் நிறைய, வீடு சின்னது, கீழே இடம் சும்மா கிடக்கு. கணக்கு சரியாத்தானே வருது? வரலை. ஏன்னு சொல்றேன்.

அது கராஜே இல்லை

2007 பிப்ரவரியில வந்த டெல்லி மாஸ்டர் பிளான் 2021-ஐ எடுத்துப் பாருங்க. தூண் மேல கட்டடத்தைத் தூக்கி, குடியிருக்க முடியாத உயரத்துல கீழ்த்தளத்தை வண்டி நிறுத்த விட்டா, அந்தத் தளத்தை எஃப்.ஏ.ஆர். கணக்குல சேர்க்க வேண்டாம். அதாவது பில்டருக்கு அந்தத் தளம் ஒரு சலுகை. பின்னால வந்த திருத்தத்துல உயரமும் கூடிச்சு. ஸ்டில்ட் இல்லாத வீட்டுக்கு 15 மீட்டர், ஸ்டில்ட் இருந்தா 17.5 மீட்டர். வண்டி தெருவுல நிக்கக் கூடாதுன்னுதான் இந்தச் சலுகையெல்லாம். நாம அங்கே அலமாரியை வெச்சுட்டு வண்டியைத் தெருவுல நிறுத்துறோம். அப்புறம் எதிர்வீட்டுக்காரன் கூட பார்க்கிங் சண்டை. எங்க வங்கி பாஷையில இதுக்குப் பேர் கடனை வேற காரியத்துக்குத் திருப்புறது. மாட்டுக்குக் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் எடுத்த கதை.

"கராஜ்"ங்கற வார்த்தைக்கே சட்டத்துல விளக்கம் இருக்கு. 2016 ரெரா சட்டப்படி மேலே கூரையும் மூணு பக்கம் சுவரும் இருந்தாத்தான் அது கராஜ். 2010 ஆகஸ்ட் 31 அன்னிக்கு, மும்பை ஹவுசிங் சொசைட்டி ஒண்ணு சம்பந்தப்பட்ட வழக்குல, ஸ்டில்ட் பார்க்கிங் கராஜ் ஆகாது, அதைத் தனியாப் பிரிச்சு பில்டர் விக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அது மகாராஷ்டிரா சட்டத்தை வெச்சு வந்த தீர்ப்புதான். ஆனா அடிப்படை எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்: நாலு குடும்பம் நடக்குற வழி நம்ம ஒருத்தரோட ஸ்டோர் ரூம் ஆகாது. அமெரிக்காவுல மச்சான் கராஜுல அலமாரி போட்டிருக்கார்னா அது அவர் கராஜ், அவர் சுவர். அவர் தலைக்கு மேல மூணு குடும்பம் தூங்கலை.

மூணு விடியக்காலை

சட்டத்தை விடுங்க. இதைப் படிங்க.

2019 ஆகஸ்ட் 6, ஜாகிர் நகர். ராத்திரி ரெண்டு மணி வாக்குல கீழ்த்தளத்துல மின்சார மீட்டர் பெட்டியில பிடிச்ச தீ, பக்கத்துல நின்ன வண்டிகளுக்குப் பரவி, படிக்கட்டு வழியா மேலே ஏறிச்சு. 6 பேர் போயிட்டாங்க, குழந்தைங்க உட்பட.

2024 மார்ச் 14, சாஸ்திரி நகர். விடியக்காலை கீழே பார்க்கிங்ல தீ. மேலே புகை. 4 பேர். அதுல ரெண்டு சின்னப் பொண்ணுங்க.

2024 மே 26, கிருஷ்ணா நகர். விடியறதுக்கு முன்னால, ஸ்டில்ட்ல நின்ன டூ வீலர்களில் தீ. 3 பேர். அதே ராத்திரி விவேக் விஹார்ல பச்சைக் குழந்தைங்க ஆஸ்பத்திரி எரிஞ்சதால இந்தச் செய்தி பேப்பர்ல மூலைக்குப் போயிடுச்சு.

மூணும் ஒரே கதை. ஜனங்க தூங்குற நேரம், தீ கீழே, வழி ஒண்ணு, அந்த வழியே புகைபோக்கி. நாலு மாடிப் படிக்கட்டுங்கறது செங்குத்தான குழாய். சூடான புகை மேலேதான் போகும். பெரும்பாலும் ஆளைக் கொல்றது தீ இல்லை, புகை.

இப்போ யோசிங்க. மேல்மாடியில யார் இருக்காங்க? வாடகை கொஞ்சம் குறையும்னு வெயிலுக்குப் பயப்படாம மேல்மாடி எடுக்கறது யாரு? நாமதான் சாமி. பொங்கல் முடிஞ்சு ஊர்லேருந்து வந்து மூணு மாசம் தங்குற அம்மா, மூட்டுவலியோட, மேல்மாடியில. மொட்டை மாடிக்கு ஓடலாம்னா அந்தக் கதவுக்கு ஓனர் போட்ட பூட்டு. கீழே நம்ம அலமாரி, மேலே அவர் பூட்டு, நடுவுல நம்ம அம்மா.

இந்த மூணு இடத்துலயும் அலமாரிதான் காரணம்னு நான் சொல்லலை. தீ எங்கே பிறக்குது, எந்த வழியா ஏறுதுன்னு தெரிஞ்ச பிறகு, அந்த வழியில தீனி அடுக்குறது நியாயமான்னுதான் கேக்குறேன். அலமாரிக்குள்ளே என்ன இருக்கு? பஞ்சு அடைச்ச ரஜாய். பழைய பேப்பர்ல சுத்தின பொம்மை. தெர்மகோல். தீபாவளிக்கு வாங்கி மிச்சமான பெயின்ட், தின்னர். கூலரோட பக்கவாட்டு மெத்தை, இங்கே "காஸ்"னு சொல்வாங்க, அதாவது புல்லுன்னு. நிஜத்துல அது உலர்ந்த மரச்சீவல். அலமாரியும் பார்ட்டிகிள் போர்டுன்னா அது மரத்தூளும் பசையும். இப்போ புதுசா, அதே சுவர்ல ஸ்விட்ச் போர்டு வெச்சு ராத்திரி பூரா மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் ஆகுது. இதுக்கு மேல வேற என்ன வேணும்?

சமாதானங்கள்

"சப் கர்த்தே ஹைன் ஜி", எல்லாரும் பண்றாங்க. எல்லாரும் கியாரண்டி கையெழுத்துப் போட்டாங்கன்னு நாமும் போட்டா, கடன் வாராக்கடன் ஆன பிறகு நோட்டீஸ் தனித்தனியாத்தான் வரும்.

"ஓனரே சொல்லிட்டார்." அவர் குருகிராம்ல இருக்கார். அந்தப் படிக்கட்டுல ஏறி இறங்குறது நாம.

"இரும்பு அலமாரிதானே வாங்குறேன்." இரும்பு எரியாது, உள்ளே இருக்கறது எரியும். அது மட்டுமில்லை, இரும்பு விழும். 2016 ஜூன்ல அமெரிக்காவுல ஐக்கியா 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்ப அழைச்சுது. ஏன்? சுவரோட பிணைக்காம நிறுத்தினா கவிழ்ந்து குழந்தைங்க மேல விழுந்தது. ஏறி விளையாடுற குழந்தை எந்த நாட்டுலயும் உண்டு. நம்ம டெல்லிக்கு நிலநடுக்கமும் உண்டு. 2025 பிப்ரவரி 17 காலை 5:36-க்கு தௌலா குவான் பக்கத்துலயே மையம் வெச்சு 4.0 அளவுல குலுக்கினது மறந்திருக்காது. சும்மா சாய்ச்சு வெச்ச ஆறடி அலமாரிக்கு அதைவிடப் பெரிசா ஒண்ணு வந்தா என்ன ஆகும்? விழற இடம் படிக்கட்டு வாசல்.

"அப்போ தூணோட சேர்த்து போல்ட் அடிச்சுடறேன்." ஐயோ, அதைச் செய்யவே செய்யாதீங்க! ஸ்டில்ட் கட்டடத்தோட மொத்த உசிரும் அந்த நாலு தூண்லதான். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்துல, மையத்துலேருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற அகமதாபாத்துல அடுக்குமாடிகள் இடிஞ்சு விழுந்துச்சே, அதுல பல கட்டடம் இந்த மாதிரி கீழே திறந்த தூண் வெச்சதுதான். அந்தத் தூணைத் துளைச்சுக் கம்பியைக் காயப்படுத்துறதுக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்குன்னு பேர் வைக்காதீங்க.

சரி, சாமானை என்ன பண்றது?

நான் பி.காம். எனக்குத் தெரிஞ்சது பேரேடுதான். ரெண்டு வருஷம் வாடிக்கையாளர் கை வைக்காத சேமிப்புக் கணக்கைச் செயல்படாத கணக்குன்னு தனியா ஒதுக்கிடுவோம். பத்து வருஷம் ஆச்சுன்னா பணம் ரிசர்வ் வங்கியோட நிதிக்குப் போயிடும். வீட்டுச் சாமானுக்கும் இதே விதி போடுங்க. ரெண்டு தீபாவளி தொடாத பொருள் கபாடிவாலாவுக்கு. பொம்மைக்கும் குத்துவிளக்குக்கும் விலக்கு உண்டு, தங்கமணி பயப்பட வேணாம்.

மிச்சம் இருக்கறதுக்கு வீட்டுக்குள்ளேயே இடம் பண்ணுங்க. கதவு நிலைக்கு மேல பரண். நம்ம ஊர்ல ஒவ்வொரு வீட்லயும் இருந்துச்சே, பாட்டி ஊறுகாய் ஜாடியை ஏத்தி வெச்ச இடம். கீர்த்தி நகர்ல பெட் பாக்ஸ் கட்டில் கிடைக்கும். ரஜாய் ஆறு மாசம் அதுல தூங்கட்டும். கூலரை பால்கனியில வெச்சு மூடுங்க, மரச்சீவலை சீசன் முடிஞ்சதும் தூக்கிப் போடுங்க. அடுத்த வருஷம் எப்படியும் புதுசுதான் போடணும்.

இதுக்கப்புறமும் கீழே அலமாரி வெச்சே தீருவேன்னு அடம் பிடிக்கறவங்களுக்கு என் நிபந்தனைகள்:

1. மீட்டர் போர்டு, சார்ஜிங் பாயின்ட், படிக்கட்டு வாசல் மூணுலேருந்தும் குறைஞ்சது ஒரு கார் நீளம் தள்ளி.

2. இரும்புதான். ஆடி ஆவணி ஈரத்துல பார்ட்டிகிள் போர்டு உப்பும், கரையானும் வரும். மரம்தான் வேணும்னா தீ தாங்குற ஐ.எஸ். 5509 பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்க.

3. கால் நாலஞ்சு அங்குலம் உயரம். மழைத்தண்ணி வரும். கனமான சாமான் கீழ்த்தட்டுல.

4. மேல்முனை ரெண்டையும் கிளாம்ப் வெச்சு ஒன்பது அங்குலச் சுவர்ல பிணைக்கணும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்ல ஆங்கர் போல்ட் போட்டா செங்கல்தான் பேரும். தூண் பக்கம் டிரில் போகவே கூடாது.

5. ரஜாய், அட்டை, தெர்மகோல், தின்னர், சிலிண்டர், பழைய பேட்டரி எதுவும் உள்ளே கூடாது. லாக்கர் கொடுக்கும்போது ஆபத்தான பொருள் வைக்க மாட்டேன்னு நாங்க எழுதி வாங்குறோம், இரும்பு அறைக்குள்ளேயே!

6. நாலு மாடிக்காரங்களும் சம்மதம்னு எழுதிக் கையெழுத்து.

"இதெல்லாம் போக அதுக்குள்ளே என்னதான் வைக்கிறது"ன்னு கேக்கறீங்களா? ஜாக்கி, காத்தடிக்கிற பம்ப், கார் கழுவுற பக்கெட். இதுக்கு ஆறடி அலமாரி எதுக்கு? டிக்கி போதுமே.

எங்க கட்டடத்துலயும் இது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ரெண்டாவது மாடி அங்கிள் ஒரு அலமாரி வெச்சிருக்கார், மீட்டருக்கு நேர் கீழே. மூணு தடவை பேசியாச்சு. "ஆப் மதராஸி லோக் பஹுத் டர்த்தே ஹோ"ன்னு சிரிக்கிறார். ஆமாங்க ஜி, பயப்படறோம். மேல்மாடியில இருக்கறவன் பயப்படத்தான் செய்வான். நாலாவது தடவையும் பேசுவேன். இந்தத் தடவை மூணாவது மாடிப் பெண்மணியும் கூட வரேன்னு சொல்லியிருக்காங்க. மீட்டிங் போட்டு ரெண்டு விஷயம் கேக்கப் போறோம்: அலமாரி நகரணும், மொட்டை மாடிக் கதவுக்குச் சாவி ஒண்ணு ஒவ்வொரு வீட்டுக்கும் வரணும். நீங்களும் உங்க கட்டடத்துல இதையே கேளுங்க. அலமாரி நம்மதா இருந்தா, முதல்ல நகர வேண்டியது அதுதான்.

பி.கு.: கொலுப்படிக்குன்னு வாங்கின ஸ்லாட்டட் ஆங்கிளை வருஷம் பூரா வீட்டுக்குள்ளேயே புஸ்தக ரேக்கா நிறுத்தலாம். நவராத்திரிக்கு 10 நாள் மட்டும் புஸ்தகம் பெட் பாக்ஸுக்குப் போகட்டும். சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா :-)