கெட்டிமேளத்துக்கு 300 மில்லி செகண்ட்

கடலூர் பக்கம் இப்போது வருகிற கல்யாணப் பத்திரிகைகளைக் கவனித்திருப்பீர்கள். 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்புக் கட்டம். செல்போனைக் காட்டினால் யூடியூபில் முகூர்த்தம் தெரியும். கொரோனாவில் பரவிய பழக்கம். கொரோனா அடங்கியும் கட்டம் அடங்கவில்லை. 'வராவிட்டாலும் பரவாயில்லை' என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொன்ன அழைப்பிதழ் நம் சரித்திரத்தில் கிடையாது! (2021-இல் மதுரைப் பக்கம் மொய்க்கே ஒரு கட்டம் அச்சடித்தார்கள். அதைப் பார்த்துப் பல பெண் வீட்டார் பெருமூச்சு விட்டதாகக் கேள்வி.)

இந்த நேரடி ஒளிபரப்புகளில் பெரும்பாலும் ஓடுவது ஓ.பி.எஸ். என்கிற சாஃப்ட்வேர். 2012-இல் ஹ்யூ பெய்லி என்பவர் ஆரம்பித்து வைத்தது. முழுக்க இலவசம். பி.காம். படித்தவனுக்கு இலவசம் என்றாலே வயிற்றைப் பிசையும். இதில் அப்படி ஒன்றுமில்லை, நிஜமாகவே பைசா கிடையாது.

விஷயம் சுலபம்தான். 'ஸீன்' என்பது ஒரு காட்சி. அதற்குள் இருக்கும் சாமான்கள் 'சோர்ஸ்'. மணமேடை கேமரா ஒரு சோர்ஸ், நாதஸ்வர மைக் ஒரு சோர்ஸ், கீழே ஓடும் மணமக்கள் பெயர் ஒரு சோர்ஸ். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததுக்குத் தாவுவது 'டிரான்ஸிஷன்'. சோர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் இருக்கும். அதைப் பூட்டாமல் விட்டால், மவுஸ் பட்டு மாப்பிள்ளை திரைக்கு வெளியே போய்விடுவார். தாலி கட்டும் கை மட்டும் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஆபரேட்டர் தம்பி ஒருவர் திருவந்திபுரத்தில் அடிக்கடி இந்த வேலை பார்க்கிறார். தேவநாத சுவாமி சந்நிதியில் முகூர்த்த நாளென்றால் எத்தனை கல்யாணம் என்பது கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். 2021-இல் கோயில் கதவு சாத்தியிருந்தபோது ரோட்டிலேயே வரிசையாகத் தாலி கட்டிக்கொண்ட ஊர். அங்கே ஒரு மண்டபத்தில் தம்பிக்கு ஒரே காலையில் இரண்டு கல்யாணம்.

முதல் கல்யாணம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஸ்டுடியோ மோடு' என்று ஒரு வசதி உண்டு. இடது பக்கம் ஒத்திகை, வலது பக்கம் உலகம் பார்ப்பது. இடது பக்கம் என்ன செய்தாலும் பட்டனை அமுக்கும்வரை வலது பக்கம் போகாது என்ற தைரியத்தில், தம்பி அடுத்த மணமக்கள் பெயரை இடது பக்கம் டைப் அடித்திருக்கிறார்.

இங்கேதான் சூட்சுமம். ஒத்திகையில் படத்தை நகர்த்தலாம், சின்னதாக்கலாம், அதெல்லாம் ஒத்திகையோடு நிற்கும். ஆனால் சோர்ஸின் உள்ளே இருக்கும் எழுத்தை மாற்றினால், அதே சோர்ஸ் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அந்த நிமிஷமே மாறிவிடும். 'டூப்ளிகேட் சோர்ஸஸ்' என்ற இடத்தில் டிக் அடித்திருந்தால்தான் தப்பிக்கலாம். இவர் அடிக்கவில்லை.

கெட்டிமேளம்! தாலி ஏறுகிறது. கீழே வேறொரு பெண்ணின் பெயர்!

பார்த்துக்கொண்டிருந்தவர் குவைத்தில் இருக்கும் பெண்ணின் அண்ணன். லீவு கிடைக்கவில்லை, கல்யாணச் செலவு மொத்தமும் அவருடையது. தங்கைக்கு மூன்று முடிச்சு விழுவதைப் பார்க்க அவருக்கு இருந்தது அந்த ஆறங்குல ஜன்னல் ஒன்றுதான். பக்கத்துக் கட்டில்காரர்களையெல்லாம் உட்காரவைத்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். அவர்களில் ஒருவர், "அண்ணே, இது வேற வீட்டுக் கல்யாணம் போலிருக்கே" என்றிருக்கிறார். எழுத்து வீடியோவோடு ஒட்டிக்கொண்டது, இனி பிய்க்க முடியாது. தம்பி பாக்கிப் பணத்தைக் கேட்கவே இல்லை. இப்போது கல்யாணத்துக்கு ஒரு 'ஸீன் கலெக்‌ஷன்' என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறார். ஒரு வீட்டுப் பெயர் அடுத்த வீட்டுக்குள் நுழையாது.

டிரான்ஸிஷன் விஷயத்துக்கு வருவோம். 90-களின் கல்யாண கேசட்டுகள் ஞாபகமிருக்கிறதா? தாமரை விரிந்து மணப்பெண் வருவார், இதயம் சுருங்கி மாமனார் போவார். ஓ.பி.எஸ்.ஸிலும் ஸ்வைப், ஸ்லைட், ஸ்டிங்கர் என்று பலகாரத் தட்டு இருக்கிறது. ஆனால் முதலில் போட்டிருப்பது 'ஃபேட்', 300 மில்லி செகண்ட். ஒரு படம் கரையக் கரைய அடுத்தது தெளியும். கண் இமைக்கும் நேரம்தான். நலங்குக்குப் போதும். நாட்டியத்துக்கு ஆகாது.

1981-இலிருந்து சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி நடக்கிற சிதம்பரத்தில் இதைச் சொன்னால் உடனே புரியும். இரண்டு கேமராவும் ஒரே நர்த்தகியைப் பிடித்திருக்கும்போது ஃபேட் போட்டால், தீர்மானம் வைக்கிற நேரத்தில் அந்தம்மாவுக்கு நாலு கை, நாலு கால். நாலு கை நடராஜருக்குப் பொருந்தும், அவருக்கே கால் இரண்டுதான்! அதனால் தம்பி அங்கே 'கட்' மட்டும்தான். அதையும் அடவு முடிகிற இடம் பார்த்துப் போட வேண்டும். தாளம் தெரியாதவன் மவுஸைத் தொடக்கூடாது என்கிறார். திரையை விலக்கினால் வெற்றிடத்தில் தங்க வில்வ மாலை தெரிகிற ஊரில், எதை எப்போது காட்டுவது என்று வெள்ளைக்காரன் சாஃப்ட்வேரா கற்றுத்தர வேண்டும்?

"கெட்டிமேளம்னு சொன்னதும் கையை எடுத்துடுவேன் சார். ஒரே கேமரா. அட்சதை விழுந்து முடியறவரைக்கும் ஒண்ணையும் தொடமாட்டேன்" என்றார் தம்பி.

போன வருஷம் குவைத் அண்ணன் லீவில் வந்திருந்தார். தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. கூப்பிட்டது அதே தம்பியைத்தான். ஒரே ஒரு கண்டிஷன்.

"பேரு மட்டும் போடாத தம்பி. யாரு வீட்டுப் புள்ளைன்னு எங்களுக்கே தெரியும்."