ஆயா, நீயும் மாடிக்கு வா!



"பொட்டப்புள்ளைக்கு இருட்டுல மாடியில என்ன வேலை?" என்று என் ஆயா திட்டுகிறார். செயற்கைக்கோள் பார்க்கப் போறேன் என்றால் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

1957 அக்டோபர் 4-ல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை அனுப்பியது. அதுதான் உலகின் முதல் செயற்கைக்கோள். எடை 83.6 கிலோ. அந்தக் காலத்தில் செயற்கைக்கோளைத் தேடியவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமல்ல. 'மூன்வாட்ச்' என்ற குழுவில் சாதாரண மக்களும் மாணவர்களும் சேர்ந்தார்கள். சின்னத் தொலைநோக்கிகளோடு வரிசையாக உட்கார்ந்து, அது கடக்கும் நேரத்தைக் குறித்தார்கள்.

நேரம் எதற்கு? ஒருமுறை லாங் பஜார் கூட்டத்தில் என் தம்பி காணாமல் போய்விட்டான். "அஞ்சு நிமிஷம் முன்னாடி பூக்கடைகிட்ட நின்னான்" என்றார் ஒருவர். "இப்பதான் மணிக்கூண்டு பக்கம் போனான்" என்றார் இன்னொருவர். இரண்டையும் சேர்த்து அப்பா அவன் போன திசையைக் கண்டுபிடித்துவிட்டார். வானத்தில் நட்சத்திரங்கள்தான் இடம் மாறாத கடைகள். எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில், எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் பாதையைக் கணக்குப் போடலாம். இதற்காகவே உலகில் 12 இடங்களில் பேக்கர்-நன் கேமராக்களை வைத்தார்கள். அதில் ஒன்று நம் நாட்டில் நைனிடாலில் இருந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம ஜவ்வாது மலை காவலூரிலேயே 1970-களில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையம் இருந்தது. சோவியத் நாடு அதற்கு உதவியது. லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பார்கள். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் ஊர் என்றுதான் நம்மைச் சொல்கிறார்கள். நாமும் அப்படியே நம்பிவிட்டோம்.

பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் பாருங்கள். நமக்கு இருட்டிவிடும். ஆனால் உயரத்தில் போகும் செயற்கைக்கோள் மேல் வெயில் படும். மினுக்காமல், சத்தமில்லாமல் நட்சத்திரம் போல நகரும். மினுக்கினால் அது பெரும்பாலும் விமானம்.

ஆயா பயப்படுவது தப்பில்லை. ஆனால் பயத்துக்கு மருந்து பெண்பிள்ளையை உள்ளே பூட்டுவது இல்லை. பெரியவர்கள் துணைக்கு வருவதுதான். அதனால் தலைமையாசிரியரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒருநாள் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பெற்றோரோடு நாங்கள் வானம் பார்க்க அனுமதி வேண்டும். முதல் ஆளாக என் ஆயாவைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

வானத்தில் ஆம்பளை வானம், பொம்பளை வானம் என்று இரண்டு இல்லையே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி